உங்களுக்குத் தெரியுமா? சூட்டைப் பார்க்கும் கேமரா

தெர்மல் கேமரா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கொரோனா நாள்களில் காய்ச்சல் பார்க்க விமான நிலைய வாசலில் வைத்திருந்த கருவிதான். அந்தக் கேமரா பார்த்த வேலைகளிலேயே கொஞ்சம் தடுமாறிய வேலை அதுதான். அதற்குக் கைவந்த வேலைகள் துணைமின் நிலையத்திலும் சிமென்ட் ஆலையிலும் ரயில் பாதையோரத்திலும் நடக்கின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்தக் கேமராவுக்குத் தெரிவது பொருளின் மேற்பரப்பில் உள்ள சூடு மட்டுமே. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. அது சாதித்ததற்கும் ஏமாந்ததற்கும் பெரும்பாலும் இந்த ஒரு குணம்தான் காரணம்.

சிவப்புக்கு அப்பால்

1800-ம் ஆண்டு. இங்கிலாந்தின் ஸ்லவ் ஊரில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, வெளிச்சமே விழாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் இன்னும் மேலே ஏறியது. அகச்சிவப்புக் கதிர் பிடிபட்டது அப்படித்தான். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவரும் இதே ஹெர்ஷல்தான். அதற்கு முன்பு அவருக்குச் சோறு போட்டது சங்கீதம். மகன் ஜான் ஹெர்ஷல் 1840-ல் இன்னொரு படி போனார். கரி பூசிய காகிதத்தை ஆல்கஹாலில் நனைத்து, சூடு பட்ட இடம் முதலில் உலர்வதை வைத்தே வெப்பத்துக்கு ஒரு படம் எடுத்துவிட்டார்.

கால் மைலில் ஒரு பசு

அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி 1880 வாக்கில் போலோமீட்டர் என்ற கருவியைச் செய்தார். மெல்லிய உலோகப் பட்டை ஒன்று. கதிர் பட்டுச் சூடானால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் சூடு தெரியும். கால் மைல் தள்ளி நிற்கும் பசுவின் உடல்சூட்டைக்கூட அது கண்டுபிடித்துவிடும் என்று பேர். இன்றைய தெர்மல் கேமராவுக்குள் இருப்பதும் அதே போலோமீட்டர்தான், நுண்ணிய அளவில். 640-க்கு 480 என்று பெட்டியில் போட்டிருந்தால், உள்ளே 3,07,200 போலோமீட்டர்கள் இருக்கின்றன என்று அர்த்தம். அறை வெப்பத்திலேயே வேலை செய்யும் இந்த வகையை அமெரிக்க ராணுவப் பணத்தில் ஹனிவெல் நிறுவனம் 1980-களில் உருவாக்கியது. 1990-களில் ரகசியம் விலக்கப்பட்ட பிறகே அது ஆலைகளுக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்தவை வேறு ரகம். 1965-ல் ஸ்வீடனின் ஆகா நிறுவனம் மின்பாதைச் சோதனைக்கென்று விற்ற கேமராவைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் வேண்டியிருந்தது.

கண்ணாடி இல்லாத லென்ஸ்

இந்தக் கேமராவின் லென்ஸைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. சாம்பல் நிறத்தில் பளபளக்கும் ஜெர்மேனியம் அது. சாதாரணக் கண்ணாடி நம் உடல்சூட்டின் கதிர்களைத் தடுத்துவிடும். ஜெர்மேனியமோ நம் கண்ணுக்கு உலோகத் துண்டு, அந்தக் கதிர்களுக்குத் திறந்த வாசல். கேமரா விலை இறங்க மறுப்பதற்கு இந்த லென்ஸும் ஒரு காரணம். சட்டை நுனியால் துடைத்துக் கீறல் விழ வைத்தால் செலவு பெரிது.

ஜன்னல் மறைக்கும், பாலிதீன் மறைக்காது

தெர்மல் கேமராவை மூடிய ஜன்னலுக்கு நேரே நீட்டுங்கள். வெளியே நிற்பவர் தெரியமாட்டார். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் உங்கள் சூடுதான் தெரியும். அதே நேரம், கறுப்புக் குப்பைப் பைக்குள் கையை விட்டால் ஐந்து விரலும் பளிச்சென்று தெரியும். மெல்லிய பாலிதீன் இந்தக் கதிர்களை அப்படியே விட்டுவிடும்.

இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் தேடப்பட்ட இரண்டாவது நபர், வாட்டர்டவுன் ஊரில் ஒரு வீட்டின் பின்புறம் நிறுத்தியிருந்த படகுக்குள் பதுங்கியிருந்தார். படகின் மேல் பிளாஸ்டிக் உறை. மேலே சுற்றிய போலீஸ் ஹெலிகாப்டரின் தெர்மல் கேமராவில், உறையைத் தாண்டி ஓர் ஆள் படுத்திருக்கும் உருவம் தெரிந்தது. அது தடித்த மரப்பலகையாக இருந்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது.

சுவரைத் துளைக்குமா?

துளைக்காது. சினிமாவில் வருவதெல்லாம் கதை. ஆனால், சுவரின் வெளிப்பக்கச் சூட்டை வைத்து உள்ளே நடப்பதை ஊகிக்கலாம். 1992-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டின் காரேஜ் கூரையும் பக்கச் சுவரும் அக்கம்பக்கத்து வீடுகளைவிடச் சூடாக இருப்பதைத் தெருவில் காருக்குள் இருந்த அதிகாரிகள் கேமராவில் பார்த்தார்கள். உள்ளே கஞ்சாச் செடிகள் வளர்க்கப் பெரிய விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஊகம் சரிதான். ஆனால் 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைலோ வழக்கில், வாரன்ட் இல்லாமல் வீட்டை இப்படிப் பார்த்தது சட்டப்படி ஒரு சோதனையே, அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்.

லூஸ் காண்டாக்ட்

தொழிற்சாலைகளில் இந்தக் கேமரா சம்பளத்துக்கு மேலேயே வேலை பார்க்கும் இடம் மின் இணைப்புகள்தான். போல்ட் தளர்ந்த இணைப்பிலோ துருப்பிடித்த கிளாம்பிலோ மின்தடை கூடும். கரன்ட் போகப் போக அந்த ஓரிடம் மட்டும் சூடேறும். சூடேறினால் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும், போல்ட் இன்னும் தளரும். ஒருநாள் ஜம்பர் என்ற இணைப்புக் கம்பி அறுந்து விழும், இல்லையென்றால் பேனல் எரியும். கண்ணால் பார்த்தால் கடைசி நாள் வரை எதுவும் தெரியாது.

கேமராவோடு வரும் பொறியாளர் முதலில் பார்ப்பது டிகிரியை அல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸ்களையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருவார். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே லோடு. இரண்டு 45 டிகிரியில் இருக்க, ஒன்று மட்டும் 80 டிகிரி காட்டினால் பேச்சே வேண்டாம், அங்கே போல்ட்டைப் பார்க்க வேண்டும். மூன்றுமே 60 டிகிரி என்றால் பெரும்பாலும் அது வெயிலும் லோடும் சேர்ந்த கணக்கு. சூடு சரியாக மூட்டில் உச்சமாகி, இரண்டு பக்கமும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போனால் குறை இணைப்பில். ஒயர் முழுக்க ஒரே சூடாக இருந்தால் குறை லோடில்.

லோடு இல்லாத நேரத்தில் வந்து படமெடுத்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். பிரயோஜனம் இல்லை. குறைந்தது 40 சதவீத லோடாவது ஓட வேண்டும் என்பது வழக்கமான விதி. வெளிப்புற யார்டுகளில் மாலை மயங்கிய பிறகு, லோடு உச்சத்தில் இருக்கும்போது பார்ப்பதே உத்தமம். வெயிலின் சூடும் கலக்காது. காற்று பலமாக அடித்தால் தள்ளிப் போட வேண்டியதுதான். பழுதான இணைப்பையும் காற்று ஆற்றி, நல்லது மாதிரி காட்டிவிடும்.

பளபளப்பு பொய் சொல்லும்

மெருகேற்றிய அலுமினியம் சூடாக இருந்தாலும் மிகக் குறைவாகவே கதிர் வீசும். நம் தோல் வீசக்கூடியதில் கிட்டத்தட்ட முழுதையும் வீசிவிடும். பளபளக்கும் அலுமினியம் அதில் இருபதில் ஒரு பங்குகூட வீசுவது சந்தேகம். மீதிக்குச் சுற்றுப்புறத்தைத் திருப்பிக் காட்டும். ஆகவே 100 டிகிரியில் கொதிக்கும் புதிய பஸ்பாரை (மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டையை) கேமரா 40 டிகிரி என்று படிக்கலாம். இன்னொரு பக்கம், ஆறிப்போன தாமிரப் பட்டையில் ஒரு சூட்டுப்புள்ளி தெரியும். படமெடுப்பவர் இரண்டடி நகர்ந்தால் புள்ளியும் கூடவே நகரும். அவருடைய முகம்தான் அது. அனுபவசாலிகள் ஒரே இடத்தை இரண்டு, மூன்று கோணத்தில் பார்ப்பது இதனால்தான்.

இதற்கு மலிவான மருந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப். ஆலை நிறுத்தத்தின்போது, மின்சாரத்தை முழுக்கத் துண்டித்த பிறகு, பளபளக்கும் இடத்தில் ஒரு துண்டு ஒட்டி வைப்பார்கள். டேப் நன்றாகக் கதிர் வீசும். அடுத்த சோதனையில் அந்தத் துண்டைக் குறிபார்த்தால் உண்மையான சூடு கிடைக்கும். பல லட்சம் ரூபாய் கேமராவுக்குச் சில ரூபாய் டேப் துணை.

திறக்காமலே பார்

ஓடிக்கொண்டிருக்கும் மின்பேனலின் கதவைத் திறப்பது சோதனையிலேயே ஆபத்தான கட்டம். உள்ளே மின்வில் வெடித்தால் அந்த இடத்தில் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். இரும்புக் கதவு வழியாகக் கேமரா பார்க்காது என்பதால், கால்சியம் ஃப்ளோரைடு போன்ற படிகத்தாலான சிறிய வட்ட ஜன்னல்களைக் கதவில் பதித்துவிடுகிறார்கள். கதவைத் தொடாமல், கேமராவை ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். நம் ஊர் ஆலைகளில் இன்னும் எத்தனை பேர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் சட்டையோடு நிற்கிறார்கள் என்பது வேறு கதை.

சுழலும் சூளை

அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளில் நீளமான இரும்புக் குழாய் ஒன்று லேசாகச் சாய்ந்தபடி மெல்லச் சுழல்வதைப் பார்த்திருக்கலாம். உள்ளே சுண்ணாம்புக் கல் கலவை 1,450 டிகிரியில் வெந்து கிளிங்கராகிறது. இரும்பு உருகாமல் காப்பது உள்ளே அடுக்கியிருக்கும் தீச்செங்கல். ஒரு செங்கல் கழன்று விழுந்தால் அந்த இடத்து இரும்பு மட்டும் காய்ந்து, கடைசியில் செக்கச் சிவந்து வெளியே தெரியும். தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ஓடு வளைந்துவிட்டால் ஆலையை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டும். ஆகவே தள்ளி ஒரு கம்பத்தில் அகச்சிவப்பு ஸ்கேனரைப் பொருத்திவிடுகிறார்கள். சூளை சுழலச் சுழல, ஒவ்வொரு சுற்றுக்கும் முழு ஓட்டின் வெப்ப வரைபடமும் விரித்துப் போட்ட பாய் மாதிரி கட்டுப்பாட்டு அறைத் திரையில் வந்து விழும். எந்த இடத்தில் செங்கல் தேய்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் பெரிய விசிறியைத் திருப்பி வைத்து நாளை ஓட்டுவார்கள்.

சிலிண்டரும் எண்ணெய்த் தொட்டியும்

கேஸ் சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்து, எதுவரை மெதுவாகக் காய்கிறது என்று பார்த்து மீதி கேஸை மதிப்பிடும் வித்தை தெரியுமல்லவா? பெரிய எண்ணெய்த் தொட்டிகளிலும் அதே கணக்குதான். திரவம் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். மேலே உள்ள ஆவி சீக்கிரம் மாறும். காலையிலோ அந்தியிலோ கேமராவில் பார்த்தால் தொட்டியின் வெளிச்சுவரில் எண்ணெய் மட்டம் கோடு கிழித்ததுபோல் தெரியும். அடியில் சகதி படிந்திருந்தால் அதற்கும் தனிக்கோடு.

மூன்று எச்சரிக்கைகள், ஒரு தடம்புரளல்

ரயில் சக்கரத்தின் பேரிங் பழுதானால் உராய்ந்து காயும். நம் ரயில்வேயில் இதை ‘ஹாட் ஆக்சில்’ என்பார்கள். இதைப் பிடிக்கத் தண்டவாளத்தின் ஓரத்தில் அகச்சிவப்பு உணரிகளை வைக்கிறார்கள். படம் எடுக்காது; ஓடும் ரயிலின் ஒவ்வொரு பேரிங்கின் சூட்டையும் எண்ணாகச் சொல்லும்.

2023 பிப்ரவரி 3 இரவு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சரக்கு ரயிலின் பேரிங், முதல் உணரியில் சுற்றுப்புறத்தைவிட 21 டிகிரி செல்சியஸ் கூடுதல் காட்டியது. அடுத்ததில் 57 டிகிரி கூடுதல். ரயிலை நிறுத்தச் சொல்லும் எல்லையை இரண்டும் எட்டவில்லை. ஆனால் இரண்டாவது உணரி இருந்த சேலம் ஊரில் (ஆம், அங்கேயும் ஒரு சேலம்) கட்டடக் கேமரா ஒன்றில் அதே பெட்டியின் அடியில் தீ தெரிந்தது. மூன்றாவது உணரி சுமார் 31 கிலோமீட்டர் தள்ளி, ஈஸ்ட் பாலஸ்தீனில். அங்கே 141 டிகிரி கூடுதல் என்று அலறியது. ஓட்டுநர்கள் பிரேக் போடும்போது காலம் கடந்துவிட்டது. 38 பெட்டிகள் தடம்புரண்டன. அவற்றில் வினைல் குளோரைடு ஏற்றிய டேங்கர்களும் இருந்தன.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன விஷயம் முக்கியமானது: உணரி அளப்பது பேரிங்கின் வெளிப்பக்கத்தை. உள்ளே உலோகம் எரிந்துகொண்டிருந்தாலும் அந்தச் சூடு வெளியே வர நேரம் பிடிக்கும். 57 டிகிரி என்ற எண் பொய்யல்ல, ஆனால் உள் நிலவரம் அது அல்ல. என்னைக் கேட்டால், ஒரு எண்ணை எல்லையோடு ஒப்பிடுவதைவிட, 21-லிருந்து 57-க்குத் தாவியதே என்று யாராவது கவலைப்பட்டிருக்க வேண்டும்.

காணாத வாயு

மீத்தேன் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆனால் 3.3 மைக்ரான் அளவிலான அகச்சிவப்புக் கதிரை விழுங்கும். அந்த அலைவரிசையை மட்டும் பார்க்கும் கேமராவில் கசிவு புகைபோல் தெரியும். 2015 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுக் கிடங்கில் கசிவு தொடங்கியது. மலை மேல் எழும்பும் வாயுப் படலத்தை அகச்சிவப்பு வீடியோவில் பார்த்த பிறகுதான் அதன் அளவு பலருக்கும் உறைத்தது. 2016 பிப்ரவரியில் அடைக்கும்வரை சுமார் ஒரு லட்சம் டன் மீத்தேன் வெளியேறியது.

துணைமின் நிலைய பிரேக்கர்களில் நிரப்பும் எஸ்.எஃப்.6 வாயுவையும் இப்படியே, வேறு அலைவரிசையில், பார்க்கிறார்கள். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் 23,000 மடங்குக்கும் மேல் என்பதால், சின்னக் கசிவும் சின்னதல்ல.

புகைக்குள் பாதை

தீப்பிடித்த கட்டடத்தில் புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் கண் பார்க்கும் ஒளியை அவை மறித்துவிடும். பத்து மைக்ரான் நீள வெப்ப அலை அவற்றைச் சட்டை செய்யாமல் வரும். 1980-களில் பிரிட்டிஷ், அமெரிக்கக் கடற்படைகள் கப்பல் தீயை அணைக்கத் தெர்மல் கேமராவைக் கையில் எடுத்தன. விழுந்து கிடப்பவர், கதவுக்கு அப்பால் இருக்கும் தீ, கூரைக்கடியில் உருளும் சூட்டு வாயு எல்லாம் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவர் தெரியமாட்டார். தண்ணீர் பீய்ச்சி நனைந்த பரப்பும் உள்ளே கனலும் தீயை மறைக்கும்.

காய்ச்சல் வேட்டை

2003-ல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூரின் ராணுவத் தொழில்நுட்ப அமைப்பு, படையினர் பயன்படுத்திய வெப்பக் குறிநோக்கியை மாற்றியமைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவியாக்கியது. விமான நிலையங்களில் இந்த வழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு. சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் உடம்புக்குள் இருப்பது. கேமரா பார்ப்பது தோலை. வெயிலில் நடந்து வந்தவர் மாட்டிக்கொள்வார், மாத்திரை போட்டவர் போய்விடுவார். கண்ணின் உள்மூலைதான் கொஞ்சம் நம்பத்தக்க இடம். அதனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஒருவர் ஒருவராக நிறுத்திப் பார்க்க வேண்டும். கூட்டத்தை மொத்தமாகக் கேமரா முன் நடக்கவிடுவது வெறும் சடங்கு.

பேனலில் ஒரு எச்சம்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. சுமார் 25 லட்சம் பேனல்கள். இவ்வளவு பெரிய பரப்பில் பழுதான பேனலை நடந்து தேடுவது நடக்கிற காரியமா? இத்தகைய நிலையங்களில் கைகொடுப்பது தெர்மல் கேமரா கட்டிய டிரோன். பறவை எச்சமோ நிழலோ விழுந்த செல், மின்சாரம் தருவதற்குப் பதில் மற்ற செல்கள் தருவதைத் தின்று சூடாகும். படத்தில் ஒற்றைக் கட்டமாகத் தெரியும். பேனலில் மூன்றில் ஒரு பாகம் பட்டையாகச் சூடேறினால் பைபாஸ் டையோடு பக்கம் சந்தேகம் போகும். சதுர மீட்டருக்கு 600 வாட் வெயிலாவது அடிக்க வேண்டும். மேகமூட்டத்தில் எடுத்த படம் செல்லாது.

யானைக்கு வழிவிடு

கோவை மதுக்கரை வனச்சரகத்தில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகள் அடிபட்டுச் செத்த கதை நமக்குத் தெரியும். 2024-ல் வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் தெர்மல் கேமராக்களையும் சாதாரணக் கேமராக்களையும் பொருத்தியது. யானை பாதையை நெருங்கினால் கணினி அடையாளம் கண்டு, கட்டுப்பாட்டு அறை வழியாக ரயில்வேக்குத் தகவல் போகும். இருட்டில் கறுத்த யானையை ஓட்டுநரால் பார்க்க முடியாது; தெர்மல் கேமராவுக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை.

நிறத்தை நம்பாதீர்கள்

படத்தில் வரும் சிவப்பும் மஞ்சளும் கேமராவே பூசிக்கொள்வது. 26 டிகிரியும் 28 டிகிரியும் மட்டுமே உள்ள அறையில்கூட 28 டிகிரி இடத்துக்கு அனல் நிறம் அடித்துக் காட்டும். ஓரத்தில் இருக்கும் அளவுக் கோலைப் படிக்காமல் படத்தைப் பார்த்துப் பதறுவது வீண். சுவரில் ஓதம் தேடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து நீலமாகத் தெரியும், ஏசி காற்று நேரே அடிக்கும் இடமும் நீலமாகத்தான் தெரியும்.

விக்கும் படம்

மலிவான தெர்மல் கேமராவில் படம் விட்டு விட்டு ஓடுவது பழுதல்ல. நொடிக்கு 9 படங்களுக்கு மேல் தரும் கேமராக்களுக்குப் பல நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு, ராணுவப் பயன்பாட்டுக்கு அஞ்சி. அதனால் வேகத்தை வேண்டுமென்றே 9-க்குள் வைத்துவிடுகிறார்கள். நடுநடுவே ‘டிக்’ என்று கேட்பதும் கோளாறல்ல. உள்ளே ஒரு சிறு மூடி விழுந்து, அத்தனை போலோமீட்டர்களையும் ஒரே சூட்டைப் பார்க்க வைத்துச் சரிசெய்கிறது.

கைபேசியில்

2016-ல் வந்த கேட் எஸ்60 தான் தெர்மல் கேமராவை உள்ளேயே வைத்து வந்த முதல் ஸ்மார்ட்போன். 80-க்கு 60, அதாவது மொத்தமே 4,800 புள்ளிகள். இப்போது போனில் செருகும் துணைக்கருவிகளும் கிடைக்கின்றன. மின்கம்ப உச்சியைப் பார்க்க இவை உதவாது. அவ்வளவு தூரத்தில் ஒரு கிளாம்ப் ஒரு புள்ளிக்குள் அடங்கி, பின்னாலிருக்கும் வானத்தின் குளிர்ச்சியோடு கலந்துவிடும். வீட்டுக்குப் போதும். ஏசியையும் கீசரையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, எம்.சி.பி. பெட்டியின் வெளிக்கதவை மட்டும் திறந்து பாருங்கள். லோடு ஓடும் எம்.சி.பி.க்கள் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. அவற்றில் ஒன்று மட்டும் மற்றதைவிடப் பெரிதாகத் தனித்துத் தெரிந்தால் மெயினை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உள்மூடியைக் கழற்றும் வேலை அவருடையது.